செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: கேமரா பேட்டரிகள் பற்றி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஸ்டுடியோ நடத்தும் மூத்த அண்ணன்மார்களே, புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

நம் புகைப்படக்காரர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நலநிதி, அடையாள அட்டை புதுப்பிப்பு விவரங்கள் உங்கள் கையில் உள்ள அச்சுத்தாளில் இருப்பதால் இங்கே மறுபடி படிக்கவில்லை. சென்ற பொதுக்குழு நம் தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது: கேமரா பேட்டரி ஏன் சீக்கிரம் தளர்கிறது, எதை எப்போது ஒதுக்குவது, புதிதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று சொல்ல வேண்டும். குழு கண்டதை விரிவாக வைக்கிறேன்.

அதிகம் வந்த முறையீடு, "மிரர்லெஸ்ஸுக்கு மாறியதிலிருந்து பேட்டரி நிற்கவே மாட்டேன் என்கிறது" என்பது. மிரர்லெஸ் என்பது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா. இந்த முறையீட்டில் பேட்டரியின் குற்றம் குறைவு. கண்ணாடி உள்ள நிக்கான் டி850, மிரர்லெஸ் இசட்6 இரண்டுக்கும் வந்த இஎன்-இஎல்15 வகை பேட்டரியின் கொள்ளளவு ஒன்றுதான், 1900 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-அவர்). ஆனால் கேமரா கம்பெனிகளின் சங்கமான சிபா வகுத்த அளவுமுறைப்படி டி850-க்கு 1840 படம், இசட்6-க்கு 310 படம். டி850-இல் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது சென்சார் தூங்குகிறது. இசட்6-இல் கேமரா விழித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் சென்சார், பிராசஸர், திரை மூன்றும் மின்சாரம் குடிக்கின்றன. கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் திரை இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கும்: சோனி ஏ7 மார்க் 3-க்குப் பின்திரையில் 710 படம், வியூஃபைண்டரில் 610 படம் என்று கம்பெனியே போட்டிருக்கிறது.

இந்த எண்களை அப்படியே நம்பி பேட்டரிக் கணக்குப் போடக் கூடாது. சிபா சோதனை 23 டிகிரி வெப்பத்தில், 30 நொடிக்கு ஒரு படம், 10 படத்துக்கு ஒருமுறை அணைத்துப் போடுவது என்ற ஒழுங்கில் நடப்பது. தாலி கட்டும் நேரத்தில் யாரும் 30 நொடிக்கு ஒரு படம் எடுப்பதில்லை. பர்ஸ்ட்டில், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்தால் அட்டவணையைவிடப் பல மடங்கு படம் கிடைக்கும். படமே எடுக்காமல் மணமகள் வருகைக்காகக் கேமராவை உயர்த்திப் பிடித்துக் காத்திருந்தால் பேட்டரி சும்மாவே காலியாகும். ஆகவே மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் 'எத்தனை படம்' என்று எண்ணுவதை விட்டு 'எத்தனை மணி நேரம்' என்று எண்ணுங்கள். ஆட்டோ பவர் ஆஃப் ஒரு நிமிடம், படம் எடுத்தபின் காட்டும் ரிவ்யூ அணைப்பு, மண்டபத்துக்குள் திரை வெளிச்சம் நடுநிலை, தேவையில்லாத நேரம் ப்ளூடூத்தும் வைஃபையும் அணைப்பு. இந்த நான்கு போதும். நிக்கானில் கேமரா அணைந்திருக்கும்போதும் போனுக்குப் படம் அனுப்பும் வசதி ஒன்று உண்டு. கேனான் 5டி மார்க் 4-இல் ஜிபிஎஸ் 'மோட் 1' என்று வைத்திருந்தால் ஸ்விட்சை அணைத்த பிறகும் அது செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டேயிருக்கும். பையில் வைத்த கேமரா தானாகக் காலியாகிறது என்பவர்கள் முதலில் இவ்விரண்டையும் பார்க்கவும்.

அடுத்தது சேமிப்பு. குழுவின் கருத்தில் இந்த ஆண்டின் தலையாய விஷயம் இதுதான்.

லித்தியம்-அயன் செல் ஒன்றின் முழுச் சார்ஜ் 4.2 வோல்ட். நம் கேமரா பேட்டரிகளில் இரண்டு செல் தொடராக இருப்பதால் 8.4. அந்த உச்சத்தில் வெறுமனே கிடப்பதும், கிடக்கும் இடத்தின் வெப்பமும்தான் செல்லை உள்ளிருந்து தின்கின்றன. பரவலாகப் புழங்கும் மதிப்பீட்டு அட்டவணை ஒன்று சொல்வது: 25 டிகிரியில் ஓராண்டு கிடந்தால், 40 சதவீதச் சார்ஜில் இருந்த பேட்டரியின் கொள்ளளவு சுமார் 96 சதவீதம் மிஞ்சும், முழுச் சார்ஜில் இருந்ததில் 80 மிஞ்சும். 40 டிகிரியில் அதுவே 85, 65 என்று விழுகிறது. நம் ஊர்க் கோடையில் ஓட்டுக்கூரை ஸ்டுடியோவின் மேல் அலமாரி 40 டிகிரி தொடுவது புதிதல்ல. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அதையும் தாண்டும்.

முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் நாம் என்ன செய்கிறோம்? கடைசிக் கல்யாணம் முடிந்ததும் எல்லாவற்றையும் முழுக்கச் சார்ஜ் போட்டு, "தயாராக இருக்கட்டும்" என்று பையில் அடுக்கிவிடுகிறோம். புரட்டாசியில் வேலை குறைவாக உள்ளவர்களுக்கு அது இன்னொரு மாதம். ஆவணியில் பேட்டரி காலை வாரினால் ஆவணியைத் திட்டுவதில் பயனில்லை. வேலை இல்லாத மாதத்துக்கு 40 முதல் 50 சதவீதத்தில், வீட்டின் குளிர்ச்சியான கீழ் அலமாரியில், கேமராவிலிருந்து கழற்றி வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்; வெளியே எடுத்ததும் ஈரம் பிடிக்கும். ஒரேயடியாகக் காலியாகவும் விடக் கூடாது. செல் மிகவும் கீழே இறங்கினால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும், பாதுகாப்புச் சுற்று பேட்டரியைப் பூட்டிவிடும், சார்ஜரும் ஏற்காது. அப்படிப் பூட்டிய பேட்டரியை வேறு சப்ளையில் தொட்டு 'உயிர்ப்பிக்கும்' வித்தையை யாரும் செய்ய வேண்டாம் என்று குழு கண்டிப்பாகச் சொல்கிறது. கரைந்த செப்பு உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு.

'முதலில் முழுக்கக் காலியாக்கிவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்' என்ற பழக்கம் நிக்கல்-காட்மியம் காலத்தது. லித்தியத்துக்கு அது கெடுதல். பாதியில் போடலாம், பாதியில் எடுக்கலாம்.

சார்ஜர் பக்கம் வருகிறேன். இரவு முழுக்கப் போட்டும் காலையில் நிறையவில்லை என்பவர்களில் பலர் யூஎஸ்பி இரட்டைச் சார்ஜர்காரர்கள். கணக்கு எளிது. சோனியின் என்பி-எஃப்இசட்100 பேட்டரி ஒன்று 7.2 வோல்ட், 2280 எம்ஏஎச், அதாவது 16.4 வாட்-அவர், இரண்டுக்கு ஏறக்குறைய 33. பழைய போன் சார்ஜர் 5 வோல்ட் 1 ஆம்பியர், வெறும் 5 வாட். மாற்றத்தில் வீணாவதையும் சேர்த்தால் 8 மணி நேரம் தாண்டும். மண்டபத்தில் இரவு 11-க்குச் செருகி அதிகாலை 4.30 முகூர்த்தத்துக்கு எடுத்தால் எப்படி நிறையும்? 5 வோல்ட் 2 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டரும் தடித்த கேபிளும் வையுங்கள். நேரம் குறைவென்றால் சார்ஜரில் ஒரு சமயத்தில் ஒரே பேட்டரி. சார்ஜின் கடைசிப் பகுதியில் மின்னோட்டம் படிப்படியாகக் குறைவதால் கடைசி 20 சதவீதத்துக்கு நேரம் அதிகம் பிடிக்கும். ரிசப்ஷனுக்கு முன் கிடைக்கும் இடைவேளையில் ஒன்றை முழுதாக்குவதைவிட இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக முக்கால் ஆக்குவது லாபம்.

வீடியோ முடித்துச் சூடாக வந்த பேட்டரியை உடனே சார்ஜரில் போடாதீர்கள். கால் மணி, அரை மணி ஆறட்டும். கம்பெனிச் சார்ஜர் பேட்டரியின் வெப்ப உணரிப் பின்னைப் படித்து மறுத்துவிடும். மலிவுச் சார்ஜர்கள் பல அந்தப் பின்னைத் தொடுவதேயில்லை, சூட்டோடு ஏற்றிவிடும். கேனான் எல்சி-இ6 சார்ஜரின் ஆரஞ்சு விளக்கு ஒருமுறை மின்னினால் பாதிக்குள், இருமுறை மின்னினால் பாதிக்கு மேல், மும்முறை என்றால் முக்காலுக்கு மேல், பச்சை என்றால் முழுது. அதில் போடும் எல்பி-இ6 பேட்டரியின் மூடியில் பேட்டரி வடிவ ஓட்டை ஒன்று உண்டு. மூடியை ஒரு பக்கமாகப் போட்டால் அதில் நீலம் தெரியும், திருப்பிப் போட்டால் தெரியாது. நிறைந்ததையும் காலியானதையும் பிரித்தறிய அவர்களே செய்து வைத்த அடையாளம் அது. மூடியைத் தொலைத்துவிட்டு மாஸ்கிங் டேப் ஒட்டுகிறவர்கள் நம்மில் அதிகம். மூடியில்லாத பேட்டரி சாவியோடும் சில்லறையோடும் ஒரே பாக்கெட்டில் கிடந்தால் பின்கள் ஷார்ட் ஆகும் என்பதால், டேப்பாவது இருக்கட்டும்.

எப்போது ஒதுக்குவது? '45 சதவீதம் காட்டியது, திடீரென்று அணைந்தது' என்றால் செல்லின் உள்மின்தடை ஏறிவிட்டது என்று பொருள். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் நன்றாகத் தெரியும். ஃபோகஸ் மோட்டாரும் ரெக்கார்டிங்கும் சேர்ந்து இழுக்கும்போது அது சடாரென விழும், கேமரா அணைந்துகொள்ளும். இந்த அறிகுறி கண்ட பேட்டரியை முகூர்த்தத்துக்கு எடுத்துப் போகவே கூடாது. கேனான் மெனுவில் ரீசார்ஜ் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்தில் மூன்று பச்சை நலம், இரண்டு பச்சை சற்றே தளர்ச்சி, சிவப்பு வந்தால் ஓய்வு. நிக்கானில் பேட்டரி ஏஜ் 0 புதிது, 4 முடிந்தது. ஏ7 மார்க் 3 போன்றவற்றில் மீதச் சதவீதம் மட்டும் தெரியும். அங்கே ஓட்டிப் பார்ப்பதுதான் வழி.

அதற்காக மாதக் கூட்டத்தில் நடந்த சோதனை மேசையின் முறை இது. பேட்டரியை முழுக்க நிறைத்து ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும். ஒரே பாடி, ஒரே லென்ஸ், ஸ்டெபிலைசர் அணைப்பு, ஆட்டோ பவர் ஆஃப் அணைப்பு, திரை வெளிச்சம் நடுநிலை. வீடியோ ஓடவிட்டு அணையும் வரை நேரம் குறிக்க வேண்டும். பழைய பாடிகளில் 29 நிமிடம் 59 நொடியில் ரெக்கார்டிங் நின்றுவிடும் என்பதால் ஒருவர் பக்கத்திலேயே இருப்பது அவசியம். புதிய ஒரிஜினல் பேட்டரி ஒன்றின் நேரத்தை நூறாக வைத்து, 80-க்கு மேல் வந்தால் முதல் வரிசை, 60 முதல் 80 வரை உபரி, அதற்குக் கீழே ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு. மல்டிமீட்டர் உள்ளவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: நிறைத்த பேட்டரியை ஒரு நாள் கழித்து அளந்தால் 8.3 வோல்ட் சுமாருக்கு நிற்க வேண்டும். 8.1-க்குக் கீழே வந்துவிட்டால் உள்ளே சார்ஜ் தானாகக் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஒவ்வொரு பேட்டரிக்கும் எண்ணும், வாங்கிய மாதமும், சோதனை நேரமும் எழுதிய ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. மெல்லிய ஸ்டிக்கராக இருக்கட்டும். தடித்தது பேட்டரி அறையில் சிக்கிக்கொள்ளும்.

உப்பிய பேட்டரி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. கேமராவில் மாட்டிக்கொண்டால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, சர்வீஸுக்குப் போகவும்.

வாங்குவதில் ஏமாற்று அதிகம் நடப்பது எல்இடி லைட்டுக்கான என்பி-எஃப்970 வகையில். அந்தப் பெட்டிக்குள் 18650 எனப்படும் உருளை வடிவ செல் ஆறு இருக்கும். இரண்டு தொடர், மூன்று இணை. பரவலாகக் கிடைக்கும் நல்ல 18650 ஒன்று 3500 எம்ஏஎச் சுமார். மூன்று இணைக்கு 10,500-க்கு மேல் அதிகம் போக வழியில்லை. அதை வெகுவாகத் தாண்டிய எண் ஸ்டிக்கரில் இருந்தால் அது பொய், மேற்கொண்டு பேசத் தேவையில்லை. தராசும் உதவும்: செல் ஒன்று 45 கிராமுக்கு மேல், ஆறுக்கு 270. மொத்த எடையே 250-க்குள் நின்றால் உள்ளே செல் குறைவு. இந்தியாவில் முறையாக விற்கும் லித்தியம் பேட்டரியில் ஐஎஸ் 16046 குறியும் 'ஆர்' எனத் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

வேற்றுக் கம்பெனி பேட்டரியே கூடாது என்று குழு சொல்லவில்லை. லைட்டுக்கும் மானிட்டருக்கும் போடுங்கள். பிரதான கேமராவுக்குக் குறைந்தது இரண்டு ஒரிஜினல் வேண்டும் என்பதே கருத்து.

ஃப்ளாஷுக்கான ரீசார்ஜ் பென்சில் செல் விஷயத்தில் பெரிய எண்ணைத் துரத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. 2005-இல் சான்யோ கொண்டுவந்து இப்போது பானசோனிக் பெயரில் விற்கும் எனலூப்பில், வெள்ளைச் செல் குறைந்தபட்சம் 1900 எம்ஏஎச், 2100 முறை சார்ஜ் என்கிறது கம்பெனி. கறுப்பு புரோ செல் 2500, ஆனால் 500 முறைதான். வாரம் இரண்டு விசேஷம் எடுப்பவருக்கு வெள்ளைதான் கட்டுபடி. நான்கு செல்லை ஒரே செட்டாக வாங்கி, எண்ணிட்டு, ஒன்றாகவே பயன்படுத்தி ஒன்றாகவே ஒதுக்குங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமானது முதலில் காலியாகி, மற்ற மூன்றும் அதைத் தலைகீழாகச் சார்ஜ் செய்து கொன்றுவிடும். சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்ப்பதாக இருக்கட்டும். ஜோடி ஜோடியாகப் போடும் மலிவுச் சார்ஜர் வேண்டாம்.

விமானத்தில் வெளியூர் வேலைக்குப் போகிறவர்களுக்கு: உபரி பேட்டரி கைப்பையில் மட்டும், பின்கள் மூடியிருக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. ஒரிஜினல் எஃப்970 ஒன்று 47 சுமார்தான், பயமில்லை. வீடியோவுக்கான பெரிய வி-மவுண்ட் பேட்டரி வைத்திருப்பவர்கள் மட்டும் லேபிளைப் பார்த்துக்கொள்ளவும். ஊட்டி, கொடைக்கானலில் விடியற்காலை அவுட்டோர் எடுத்தால் குளிரில் பேட்டரி சீக்கிரம் காலி என்று காட்டும். உபரியைச் சட்டைப் பைக்குள் வையுங்கள், சூடேறினால் பெரும்பகுதி திரும்பி வரும்.

ஒதுக்கிய பேட்டரியைக் குப்பையில் போடுவது 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு மாறானது. சங்க அலுவலகத்தில் இரும்புப் பெட்டி வைக்கும் தீர்மானம் இன்றைய நிகழ்ச்சி நிரலில் உள்ளது. பின்களில் செல்லோ டேப் ஒட்டிக் கொண்டுவரவும். உப்பியதை மற்றதோடு சேர்க்காமல் மணல் போட்ட தனி டப்பாவில் தரவும்.

வரும் ஆண்டில் சோதனை மேசையை ஆடி மாதக் கூட்டத்தில் வைக்கச் செயற்குழு விரும்புகிறது. அப்போதுதான் எல்லோருக்கும் நேரம் இருக்கும், ஆவணிக்குள் புதியதும் வாங்கிவிடலாம். ஹெலிகேம் பேட்டரிகளைத் தனியாகப் பார்க்க இருவர் முன்வந்திருக்கிறார்கள். மேசைக்கு மல்டிமீட்டரும் சமையல் தராசும் வாங்கும் செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்