அம்மா கேட்ட சபைக் கேள்வி

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். அம்மாவின் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கிறிஸ்துமஸுக்கு ஆலய வாசலில் எடுத்த போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டு நாலு வரி எழுதாமல் இருந்தது என் தப்புதான். அந்தப் போட்டோவில் இருக்கும் போர்டைப் பார்த்து அம்மா பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள்: "யுனைட்டெட் சர்ச்சாமே, அது என்ன புதுச் சபை? சாட்சிக்காரர்களா?"

இல்லையம்மா. யெகோவாவின் சாட்சிகள் தங்கள் இடத்தைச் சர்ச் என்றே எழுத மாட்டார்கள், ராஜ்ய மன்றம் என்பார்கள். இது நம் சி.எஸ்.ஐ.க்கு அண்ணன், 22 வயது மூத்தது. 1925 ஜூன் 10 அன்று கனடாவில் மெதடிஸ்டுகளும் காங்கிரிகேஷனல்காரர்களும் பிரஸ்பிட்டேரியர்களில் பெரும்பகுதியும் ஒன்று சேர்ந்து அமைத்த சபை. நம் ஊரில் இந்த மூன்று வழியாரோடு, பேராயர் ஆள்கிற இங்கிலாந்துச் சபையான ஆங்கிலிக்கனும் சேர்ந்துகொள்ள, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நம் சி.எஸ்.ஐ., உண்டானது. இங்கே ஆங்கிலிக்கன் சேரவில்லை. ஆகவே இந்தச் சபைக்குப் பேராயர் கிடையாது. பெரிய வித்தியாசம் அதுதான்.

சேர மறுத்த பிரஸ்பிட்டேரியர்கள் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரே ஊரில் இரண்டு கல் கோயில், இரண்டுக்கும் அந்திரேயா பெயர், ஒன்றில் 'யுனைட்டெட்', மற்றதில் 'பிரஸ்பிட்டேரியன்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அந்திரேயா ஸ்காட்லாந்தின் காவல் புனிதர். அந்தப் பெயரைக் கண்டால் அநேகமாக ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்பா மெட்ராஸில் இருந்தபோது போன எழும்பூர் அந்திரேயா கோயிலும் (கிர்க் என்பார்களே) அப்படித்தான், 1821-ல் கட்டியது.

போர்டைப் படிக்கும்போது அந்திரேயா, திரித்துவம், இம்மானுவேல் என்கிற முன்பாதியைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அது கோயிலின் பெயர், யாரும் வைத்துக்கொள்ளலாம். சபை பின்பாதியில் இருக்கிறது. அந்தப் பின்பாதி பலமுறை சொல்வது விசுவாசத்தை அல்ல, நிர்வாகத்தை. எபிஸ்கோப்பல் என்றால் பேராயர் ஆள்கிறார். பிரஸ்பிட்டேரியன் என்றால் மூப்பர்கள் கூடி ஆள்கிறார்கள். காங்கிரிகேஷனல் என்றால் அந்தந்தச் சபையாரே தீர்மானிக்கிறார்கள். நம் சபைக் குருவான ஐயர் 'பிரஸ்பிட்டர்' என்று கையெழுத்துப் போடுவதைப் பார்த்து நாம் பிரஸ்பிட்டேரியன் என்று சித்தப்பா வாதாடுவாரே, அது தவறு. நம் சபையில் மூன்று வழியும் கலந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சில பெயர்கள் கேலியில் பிறந்தவை. வெஸ்லி சகோதரர்கள் ஆக்ஸ்போர்டில் நேரம் குறித்து, முறை வைத்து ஜெபித்ததைப் பார்த்து மற்ற மாணவர்கள் 'முறைக்காரர்கள்' என்று நக்கலடித்தார்கள், அதுதான் மெதடிஸ்ட். என் பெயரால் உங்களை அழைத்துக்கொள்ளாதீர்கள் என்று லுத்தரே 1522-ல் எழுதினார். யார் கேட்டார்கள்?

பெரியத்தை இங்கே வந்தால் தடுக்கி விழப்போகும் சொல் 'எவாஞ்சலிக்கல்'. அதற்கு இரண்டு அர்த்தம் ஓடுகிறது. ஜெர்மன் வழக்கில் அது புராட்டஸ்டண்ட் என்பதற்கு மறுசொல். தரங்கம்பாடி வழி வந்த டி.இ.எல்.சி. என்கிற தமிழ் லுத்தரன் சபையின் பெயரில் வரும் 'இ' அந்தப் பழைய பொருள்தான். இங்குள்ளவர்கள் பேச்சில் சொன்னால், மறுபிறப்பையும் மனந்திரும்புதலையும் வற்புறுத்துகிற கூட்டத்தார். 'எவாஞ்சலிக்கல் லுத்தரன்' என்ற போர்டை நம்பி எழுப்புதல் கூட்டத்துக்குப் போனால், உள்ளே அச்சிட்ட ஆராதனை முறையும் அங்கி போட்ட குருவும்தான் இருப்பார்கள்.

கீழ்வீட்டு உக்ரைன் தாத்தா தன்னைக் 'கிரேக்கக் கத்தோலிக்கர்' என்கிறார். கிரேக்கரும் இல்லை, ரோம முறைப் பூசையும் இல்லை. 1596-ல் ப்ரெஸ்ட் என்ற ஊரில் போப்பை ஏற்றுக்கொண்டு, தங்கள் கிழக்கத்திய சடங்குகளை அப்படியே வைத்துக்கொண்டவர்களின் வழி. கேரளத்துச் சபைகளில் 'சிரியன்' வருவதும் இதைப் போலத்தான். சிரியா நாட்டுக்காரர்கள் என்பதல்ல, சுரியானி மொழி வழிபாட்டு மரபு. தாத்தா விடியற்காலை நாலு மணிக்கே பனியை வாரித் தள்ளுகிறார், என் வாசலுக்கும் சேர்த்து. பிறகு கதவில் பீட்ரூட் சூப் வைத்துவிட்டுப் போகிறார். ரசம் என்று நினைத்துக் குடித்தால் ஏமாற்றம்தான், ஆனாலும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

குளிர் மைனஸ் 22. பழகிவிட்டது. வேலையில் மணி நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது.

ஞாயிறு விசுவாசப் பிரமாணம் இங்கிலீஷில் 'கத்தோலிக்க சபை' என்று வரும்போது என் வாய் தானாக "பொதுவாயிருக்கிற பரிசுத்த சபையும்" என்று போகிறது. இரண்டும் ஒன்றுதான், கத்தோலிக்க என்றாலே பொதுவான என்று பொருள். போன வாரம் அந்த வரியிலிருந்து மேலே சொல்ல முடியவில்லை. இந்த வருஷச் சபை விருந்துக்கு, அசனத்துக்கு, நம் வீட்டுத் தூக்குச்சட்டியை யார் கொண்டுபோனது? கறி நமக்கு வரும்போது மிச்சம் இருந்ததா?

சரி, தங்கச்சி விஷயம். மாப்பிள்ளை வீட்டார் போகிற இடத்தின் பெயர் 'ஊழியங்கள்' என்று முடிகிறது என்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு எந்த அடையாளமும் இல்லை. யாருக்குக் கீழே இருக்கிறார்கள் என்று அதில் தெரியாது. பையன் நல்லவனாக இருக்கலாம், போர்டை வைத்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் அப்பா நேரில் போய்க் கேட்க வேண்டும். நம் ஐயர் பேராயரிடம் குருப்பட்டம் பெற்றவர், அதனாலேயே 1872-ம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மணமுடிக்கலாம். தனிச்சபைப் பாஸ்டர் என்றால் அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். காகிதத்தையே காட்டச் சொல்லுங்கள். அதிகாரமில்லாதவர் நடத்தினால் அந்தச் சட்டப்படி கல்யாணமே செல்லாது. நம் கோயிலிலேயே கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து நடத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

குழந்தையில் அவளுக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தை ஏற்பார்களா, மறுபடி முழுக வேண்டும் என்பார்களா என்பதையும் இப்போதே கேளுங்கள், நிச்சயத்துக்குப் பிறகு அல்ல. நகையும் அப்படித்தான். பெந்தெகொஸ்தே வழியில் கண்டிப்பானவர்கள் நகையே போட மாட்டார்கள். அப்படியானால் பாட்டியின் அட்டிகையை அவசரமாக மீட்க வேண்டாம். போடுவார்கள் என்றால் எழுதுங்கள், பிப்ரவரி கடைசிக்குள் பணம் வரும். இங்கே பேங்கில் ஒரு சின்னத் தாமதம், வேறொன்றும் இல்லை.

ஐயரிடம் எனக்கு ஒரு சபை மாற்றுக் கடிதம் வாங்கி அனுப்புங்கள் அப்பா. ஞானஸ்நானத் தேதியும் திடப்படுத்தல் தேதியும் இங்கிலீஷில் இருக்கட்டும், சபை முத்திரை தெளிவாக விழ வேண்டும்.

உங்கள் அன்பு மகன்