ஷீட்டாகே காளான்: மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

ஷீட்டாகே வாங்கும்போது குடையின் மேல்பக்கத்தைப் பார்த்து மயங்காதே, திருப்பிப் பார். ஓரம் உள்ளே சுருண்டு, அடிமடிப்புகள் வெளேரென்று இருந்தால் எடு. மடிப்பில் பழுப்புப் புள்ளி விழுந்திருந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ வேண்டாம்.

வந்ததும் பிளாஸ்டிக் உறையைப் பிரித்துக் காகிதப் பையில் போட்டு ஃபிரிட்ஜில் வை. பறித்த பிறகும் காளான் ஈரம் விட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக்குக்குள் அந்த ஈரம் போக வழியில்லாமல் அதன் மேலேயே படிந்து வழவழத்துவிடும். கழுவி வைக்காதே. இப்படி வைத்தால் ஒரு வாரம் தாங்கும். மிச்சமிருந்தால் நறுக்கி ஃப்ரீசரில் போடு. சமைக்கும்போது இளகவிடாமல் அப்படியே சூடான வாணலியில் போட வேண்டும்.

காம்பு எத்தனை வெந்தாலும் மெல்ல வராது. குடையை ஒட்டி வெட்டிச் சேர்த்து வை, சூப்பில் கொதிக்கவிட்டு எடுத்தெறியலாம்.

வதக்கும்போது குவித்துப் போட்டால் விட்ட தண்ணீரிலேயே வெந்து சொதசொதவென்று ஆகும். ஒரே அடுக்காகப் பரப்பு, அடிப்பக்கம் சிவந்தபின் புரட்டு. உப்பு கடைசியில்தான். அரைவேக்காட்டில் மட்டும் வாயில் போடாதே. அதிலுள்ள லென்டினான் என்ற பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஓரிரு நாளில் உடம்பெல்லாம் சாட்டையால் அடித்தது போலக் கோடு கோடாகத் தடித்துவிடும். நன்றாக வெந்துவிட்டால் அந்தப் பயமில்லை.

உலர்ந்த ஷீட்டாகே வேறு சரக்கு. கடித்துச் சாப்பிட உலராத புதுக் காளான், சாறுக்கு உலர்ந்தது என்பது என் கட்சி. அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றாதே. இதன் ருசிக்குக் காரணமான குவானிலேட் என்ற பொருளைக் காளானிலுள்ள நொதிகள்தான் உண்டாக்குகின்றன. கொதிநீர் பட்டால் அவை செயலிழந்துவிடும். 25 கிராமுக்கு அரை லிட்டர் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவிடு. குடையின் நடுவை அழுத்திப் பார், கட்டி தட்டினால் இன்னும் ஊறவில்லை. காளானைப் பிழிந்து எடுத்துவிட்டு, ஊறிய நீரை அசைக்காமல் இறுத்து, அடியில் தங்கும் மண்ணைக் கொட்டிவிடு. பிறகு இரண்டையும் சேர்த்துச் சிறுதீயில் மெதுவாகச் சூடேற்று. 60, 70 டிகிரியில்தான் அந்த நொதிகள் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கூடவே தக்காளியோ சோயா சாஸோ கொஞ்சம் சேர்ந்தால் ருசி பன்மடங்காகும். சோயா சேர்த்தால் உப்பைக் குறைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா