சித்தப்பா போய்விட்டார்

மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். உன் முட்டிவலி தேவலையா? பெரியவளுக்கு வேலை கிடைத்ததை நம் கூட்டாளி கேப்டன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அதற்கு முன் நடந்ததை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

என் ட்ரோன் தொலைந்துவிட்டது. 'சித்தப்பா' என்று நீ பெயர் வைத்தாயே, அதேதான். பெயருக்கு ஏற்றபடி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போய்விட்டது.

நம் கணக்கு வாத்தியார் தோப்பை விற்கப் போகிறார். அதற்குள் ஒரு தடவை மேலிருந்து முழுசாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதைப் படம் எடுக்கத்தான் போனேன். ஜிபிஎஸ் நன்றாகக் கிடைத்தது, கிளம்பிய இடத்தை ட்ரோன் பதிந்துகொண்டது, பேட்டரி முழுதாக இருந்தது. தோப்புக்கு மேலே நிறுத்திவிட்டு, வாத்தியாருக்குத் திரையைக் காட்டுவதற்காக ரிமோட்டின் இரண்டு ஸ்டிக்கையும் விட்டுவிட்டேன். ஸ்டிக்கை விட்டால் அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. சின்னதாக ஒரு வட்டம் போட்டது. அடுத்த வட்டம் பெரிதாக இருந்தது. அதற்கடுத்தது இன்னும் பெரிது. வீடு திரும்பும் பொத்தானை அழுத்தினேன். எங்களை நோக்கி வராமல் எதிர்ப்பக்கமாகப் போனது. காம்பஸ் பிழை என்று திரையில் சிவப்பாக வந்தது, பிறகு படமே நின்றுவிட்டது.

சிக்னல் கடைசியாகக் கிடைத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் போன் ஆப்பில் இருந்தன. அதில் ஐந்தாவது தசமம் வரை இருந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியம். ஆனால் அது சிக்னல் அறுந்த இடம்தானே, விழுந்த இடம் அல்ல. அப்புறமும் பேட்டரி தீரும்வரை பறந்திருக்கும். புதர்க்காடு முழுக்க அலசிவிட்டோம். வாத்தியார் இந்த வயதில் கம்பை வைத்துக்கொண்டு என்னோடு நடந்தார், பாவம்.

ட்ரோன் போனது போகட்டும். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன். டிக்கெட் எண் உடனே வந்தது. அதோடு சரி. ஒவ்வொரு பதிலும் வேறொரு ஆளிடமிருந்து வருகிறது. எல்லாரும் பில், சீரியல் நம்பர், லாக் (அதாவது பறந்ததன் பதிவு) என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். ஒருவர் பழுதான கருவியைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொன்னார். தொலைந்துவிட்டது என்பதுதான் என் மெயிலின் தலைப்பே. இன்னொருவர் ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்றார். ட்ரோனுக்குள் இருந்த முழுப் பதிவு ட்ரோனோடு போய்விட்டது. மிச்சம் இருப்பது போனில் ஆப் எழுதி வைத்த லாக் மட்டும்தான். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். எத்தனை பேர் நம்பி அழித்தார்களோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

கடைசியில் தீர்ப்பு வந்தது. பலத்த காற்று, இயக்கியவரின் தவறு, வாரண்டி பொருந்தாது. வேண்டுமானால் புதிதாக வாங்கும்போது கொஞ்சம் தள்ளுபடி தருகிறார்களாம்.

காற்றா? அன்றைக்கு இலையும் சிறு கொப்பும் அசைந்தன, கிளை அசையவில்லை. காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவையில் இது மூன்றாம் நிலை, மணிக்கு 20 கிலோமீட்டருக்குள். மணிக்கு 38 கிலோமீட்டர் வரை தாங்கும் என்று அவர்கள் கையேடே சொல்கிறது. மேலே போனால் காற்று கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்று தள்ளினால் ஒரு பக்கமாகத்தானே தள்ளும்? வட்டம் எங்கிருந்து வந்தது?

இதைப் பற்றி நிறையப் படித்துவிட்டேன். ஜிபிஎஸ் ட்ரோனுக்கு அது எங்கே இருக்கிறது என்று சொல்லும். ஒரே இடத்தில் நிற்கும்போது மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்குத்தான் காம்பஸ். காம்பஸ் தப்பான திசையைக் காட்டினால், கொஞ்சம் நகர்ந்ததைச் சரிசெய்யப் போகிற ட்ரோன் வேறொரு பக்கம் போகும். அதைச் சரிசெய்யப் போய் இன்னும் விலகும். இப்படியே வட்டம் விரிந்துகொண்டே போகும். வட்டமும் சரி, திரும்பி வரச் சொன்னபோது எதிர்ப்பக்கம் போனதும் சரி, இரண்டுக்கும் இந்த ஒரு காரணமே போதும்.

லாக்கில் நொடிக்குப் பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் ஸ்டிக் எங்கே இருந்தது, ட்ரோன் எங்கே இருந்தது, மூக்கு எந்தப் பக்கம் என்று எல்லாம் இருக்கிறது. வட்டம் தொடங்கும் நேரத்தில் இரண்டு ஸ்டிக்கும் நடுவில்தான் இருக்கின்றன. அந்த வரிகளின் நேரத்தைக் குறிப்பிட்டு எழுதி, என் தவறு எந்த வரியில் தெரிகிறது என்று கேட்டேன். ஆய்வறிக்கை உள் பயன்பாட்டுக்கு மட்டும் என்று பதில் வந்தது.

இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ட்ரோனைச் செய்தவர்கள் அவர்கள். லாக்கைப் படிப்பவர்கள் அவர்கள். யார் தவறு என்று தீர்ப்பு எழுதுபவர்களும் அவர்கள். விமானம் விழுந்தால் இப்படியா நடக்கிறது? விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் போட்ட சிகாகோ உடன்படிக்கையின் 13-ஆம் இணைப்பு 1951-இலேயே வந்துவிட்டது. விபத்து நடந்த நாடுதான் விசாரணையை நடத்த வேண்டும் என்பது அதன் விதி. விமானத்தைச் செய்த நாட்டின் ஆட்களும் கூட உட்காரலாம், ஆனால் தீர்ப்பு அவர்கள் கையில் இல்லை. கையில் தூக்கிக்கொண்டு போகிற ட்ரோனுக்கு அவ்வளவு பெரிய விசாரணை வேண்டாம். என் மேல் பழி போடுகிறவன் அதற்கான வரியைக் காட்டட்டும் என்றுதான் கேட்கிறேன். காட்டினால் வாயை மூடிக்கொள்கிறேன். அந்தக் காம்பஸ் ஜனங்கள் கூடியிருக்கிற இடத்தில் தடுமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும், யோசித்துப் பார்.

நல்லவேளை, பறக்கும்போது திரையில் ஓடிய படத்தின் பிரதி ஒன்றை ஆப் போனிலேயே வைத்திருந்தது. மங்கல்தான், ஆனாலும் தோப்பு முழுதாகத் தெரிகிறது. வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். கிணற்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். அந்தக் கிணற்றில் உன்னை யார் தள்ளியது என்று இப்போதும் கேட்கிறார். நான் வாயே திறக்கவில்லை.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். நம் கூட்டத்தில் சென்சார்களோடு நாள் முழுக்கக் குடும்பம் நடத்துகிறவன் நீ ஒருவன்தான். லாக்கை அட்டவணையாக மாற்றி இதோடு இணைத்திருக்கிறேன், மூலக் கோப்பையும் சேர்த்து. மூலத்தில் கை வைக்காதே, நகல் எடுத்துப் பார். காம்பஸ் காட்டும் திசையையும் ட்ரோன் உண்மையில் நகர்ந்த பாதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைந்து கொடு. நான் நினைப்பது தப்பு என்று தெரிந்தால் தயங்காமல் சொல், அதோடு விட்டுவிடுகிறேன். சரி என்று தெரிந்தால் உன் பெயர், படிப்பு, கையெழுத்தோடு ஒரு பக்கம் எழுதிக் கொடு. மேல்முறையீட்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும், கெடு மாதக் கடைசி வரைதான். கேப்டனிடம் கொடுத்துவிடாதே, அவன் அதைப் பத்திரமாகத் தொலைப்பான். நேராக எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்