தாய்மாமனைப் பற்றியும் கேளுங்கள்

குழந்தை நல மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு ஏழாவது மாதத்தில் முதல் நிமோனியா வந்தது. அப்புறம் காதில் சீழ், மறுபடியும் நிமோனியா, ஆறாத வாய்ப்புண். இரண்டரை வயதுக்குள் எத்தனை ஆன்டிபயாடிக் பாட்டில்கள் காலியாயின என்று நான் எண்ணவில்லை. பார்த்த மருத்துவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் பார்த்தார்கள். ஆனால் என் தம்பியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஒன்றரை வயதில் நெஞ்சுச் சளியில் இறந்துபோனவன் அவன்.

கடைசியில் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, உங்க கூடப் பிறந்த பையன் யாராவது சின்ன வயசுல தவறிட்டாங்களா?" அந்த வாரமே இம்யூனோகுளோபுலின், அதாவது ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடிப் புரதங்களின் அளவு பார்த்தார்கள். அவற்றின் வகைகளில் ஐஜிஜியும் ஐஜிஏவும் மிகக் குறைவு, ஐஜிஎம் மட்டும் அதிகம். ஹைப்பர் ஐஜிஎம் நோய் என்றார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒரு தாய்க்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஆன்டிபாடியை உருவாக்கும் வெள்ளணுதான் பி செல். கிருமியை அடையாளம் கண்டால் மட்டும் அதற்குப் போதாது. உதவி டி செல் என்ற இன்னொரு வெள்ளணு பக்கத்தில் வந்து, சிடி40 லிகண்ட் என்ற கையை நீட்டி, பி செல்லின் சிடி40-ஐத் தொட வேண்டும். அந்த இரண்டாவது சைகை கிடைத்தால்தான் பி செல் ஐஜிஎம்மை விட்டு ஐஜிஜிக்கு மாறும், கிருமியை இன்னும் இறுகப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தேர்ந்தெடுக்கும், அடுத்த முறைக்கு நினைவும் வைத்துக்கொள்ளும். என் மகனின் பி செல்களில் குறையே இல்லை. மகனுக்குத் தாயிடமிருந்து மட்டுமே வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் லிகண்ட் மரபணுவில்தான் கோளாறு. தாய்மாமனைப் பற்றிக் கேட்கச் சொல்வது அதனால்தான். அது 1993-ல்தான் தெரிய வந்ததாம். நஞ்சுக்கொடி வழியே நான் கொடுத்த ஐஜிஜி ஆறு மாதம் அவனைக் காத்திருக்கிறது. அது தீர்ந்ததும் முதல் நிமோனியா.

நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி ஒன்றரை, மூன்றரை, ஒன்பதாம் மாதங்களில் தவறாமல் போட்டோம். அந்தக் கிருமியின் மேலுறை சர்க்கரை. சர்க்கரையை மட்டும் காட்டினால் டி செல் திரும்பிப் பார்க்காது என்பதால்தான், ஊசியில் அதைப் புரதத்தோடு இணைத்துத் தருகிறார்கள். கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் பலன் தரும் நல்ல ஊசி அது. என் மகனுக்கும் டி செல் வந்திருக்கும், நீட்டக் கைதான் இல்லை. தடுப்பூசி அட்டை நிரம்பியிருக்கிறது என்பதை வைத்து யாரும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

சாதாரண ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் (பி, டி செல்கள் அடங்கிய வெள்ளணு வகை) எண்ணிக்கை சரியாகவே இருக்கும். அதை நம்பித்தான் நாங்கள் இரண்டு வருடம் இழந்தோம். ஒரு பையனுக்கு நிமோனியா இரண்டாம் முறை வந்தால் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஐஜிஎம் இயல்பாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், இந்த நோயில் அது இயல்பாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால், டி செல்லைத் தூண்டி லிகண்ட் தோன்றுகிறதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற செல் பரிசோதனையில் பார்க்கலாம். தாய்மாமன், பெரியம்மா, சித்தி மகன்கள் பற்றிக் கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

இப்போது நான்கு வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு அவன் அக்காவின் ரத்தம் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் தங்கை நான்கு மாதம் முழுகாமல் இருக்கிறாள். இந்த மரபணுக் கோளாறு அவளிடமும் இருக்கிறதா என்று பார்க்க, போன வாரம்தான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இப்படிக்கு,
ஒரு தாய்