ஈட்டிக்கு உறவுக்கார மரம்

அன்புள்ள வள்ளிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் கண் இமை வீங்கியிருந்ததைப் பார்த்து, அழுதாயா என்று அம்மா கேட்டாள். புது க்ரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். எனக்கு அப்போதே சந்தேகம். கழுத்து, முழங்கை மடிப்பு, வாட்ச் பட்டைக்குக் கீழே என்று நீ அரிப்பதாகச் சொன்னதெல்லாம் தூளும் வியர்வையும் சேர்ந்து படியும் இடங்கள். முழங்கை மடிப்பில் யாரம்மா க்ரீம் பூசுகிறார்கள்?

அந்தக் கோகோபோலோ மரக்கட்டையைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். ஆறு மாதமாக அதைத்தானே கடைசல் மெஷினில் சுழலவிட்டுப் பேனா கடைகிறேன், ஒன்றும் ஆகவில்லையே என்பாய். இது அப்படித்தான் வரும். உடம்பு முதலில் அந்த மரத்தைச் சத்தமில்லாமல் அடையாளம் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் எதிர்க்கத் தொடங்கும். அப்புறம் கொஞ்சம் தூள் பட்டாலும் போதும். அதுவும் பட்ட உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். நீ சனிக்கிழமை கடைகிறாய், திங்கட்கிழமை அரிக்கிறது, ஆபீஸ் ஏசியைத் திட்டுகிறாய்.

எனக்கு ஈட்டி மரத்தில் வந்தது. அம்பாசமுத்திரத்துப் பட்டறையில் மஞ்சக்கடம்பிலும் தேக்கிலும் வருஷக்கணக்காகக் குழந்தைகள் விளையாடும் செப்புச் சாமான் கடைந்தவன்தான். ஈட்டியில் சதுரங்கக் காய் கேட்டு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. பாதி முடிவதற்குள் சேங்கொட்டைப் பால் பட்டதுபோல் இரண்டு கையும் கொப்பளித்துவிட்டது. ஆர்டர் முடியட்டும் என்று மூன்று வாரம் இழுத்தேன். அந்த மூன்று வாரமும் உன் அம்மா தூங்கவில்லை, என்னையும் திட்டாமல் விடவில்லை. கடைசியில் பாளையங்கோட்டைத் தோல் டாக்டர்தான் விளக்கினார். கரையானும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க மரம் தன் வைரத்துக்குள், அதாவது நடுக்கட்டைக்குள், சேர்த்து வைக்கும் சரக்கு, குயினோன் என்ற வேதிப்பொருள் வகை. அதுதான் தோலுக்கு ஆகவில்லையாம். மிச்சக் காய்களை வேறொருவர் கடைந்தார்.

நீ தோல் டாக்டரிடம் போ. முதுகில் மருந்து ஒட்டி, இரண்டு நாள் விட்டு எடுத்துப் பார்ப்பார்கள். தூளைக் கையில் தேய்த்து நீயே சோதனை செய்துவிடாதே, இல்லாத அலர்ஜியையும் அது வரவழைக்கும். மரம்தான் என்று உறுதியானால் அதை விட்டுவிடு. மாத்திரை போட்டுக்கொண்டு கடைவது நான் செய்த முட்டாள்தனம்.

வேறு மரம் கடையும்போதும் நுண்தூளை வடிகட்டும் பி2 முகக்கவசம் போடு. உளி பிடிக்கும்போது விழுவது சீவல். உப்புத்தாள் பிடிக்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத தூள் பறக்கும். தூள் உறிஞ்சியின் வாயை அங்கேயே கொண்டுபோய் வை. முடித்ததும் குளி, சட்டையைத் தனியாகத் துவை. கையுறை மட்டும் வேண்டாம், சுழலும் கட்டை அதைப் பிடித்தால் விரலோடு இழுத்துவிடும். உங்கள் ஆஸ்திரேலியா பிளாக்வுட் மரத்தையும் நம்பிவிடாதே, அதுவும் இதே குணம். மேப்பிள், ஆஷ் பரவாயில்லை என்கிறார்கள்.

கடைசலையே விடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. என் கைத்தொழிலை நீ மெல்போர்ன் கராஜில் பிடித்திருப்பதைத் தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எனக்கென்று செய்த அந்தக் கோகோபோலோ கிண்ணத்தை மட்டும் அனுப்பாதே. ஈட்டியும் அதுவும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினம். எனக்கும் ஆகாது.

அன்புடன்,
அப்பா