அளவுகோலும் அரசுக் கடனும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலையும், கூடவே நீ அனுப்பிய பொருளாதார வரலாற்றாசிரியர் பேட்ரிக் ஓபிரையனின் கட்டுரைகளையும் பத்து நாட்களாக உட்கார்ந்து படித்து முடித்துவிட்டேன். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். நான் வரலாறு படித்தவள் அல்லள். ஆனால் 31 ஆண்டுகள் வணிகவரித் துறையில் பிறர் கணக்கேடுகளைப் புரட்டியவள். அந்த உரிமையில் சொல்வதாக எடுத்துக்கொள்.

இங்கிலாந்தில் மன்னரை மாற்றி நாடாளுமன்றத்தின் கையை ஓங்கவைத்த 1688ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு கடன் கொடுத்தவர்களுக்கு நாடாளுமன்றத்தின் மேல் நம்பிக்கை பிறந்தது, அதனால் வட்டி குறைந்தது, அதனால் பிரிட்டிஷ் அரசு வலுத்தது என்று எழுதியிருக்கிறாய். 1672இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் கருவூலக் கடனுக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தியதைப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை பெரிதாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது எதன்மேல் நின்றது என்ற கேள்வியை உன் இயல் கேட்கவில்லை. 1694இல் இங்கிலாந்து வங்கி தொடங்கியபோது அரசுக்கு 12 லட்சம் பவுன் 8 சதவீத வட்டிக்குக் கிடைத்ததே, அந்த வட்டிக்கு ஈடாக வைக்கப்பட்டவை கப்பல்களின் கொள்ளளவு மீதும் மதுபானங்கள் மீதும் விதித்த புதிய வரிகள். துறைமுகத்தில் கப்பலை அளப்பவரும் வடிசாலையில் தொட்டியை அளப்பவரும் ஒழுங்காக வேலை பார்த்தால்தான் லண்டனில் கடன் பத்திரம் வைத்திருந்தவருக்கு வட்டி வந்து சேரும்.

ஓபிரையனிடம் எனக்குப் பிடித்தது இதுதான். 1660 முதல் 1815 வரையிலான வரிவிதிப்பைப் பற்றி அவர் 1988இல் எழுதிய கட்டுரையில் அரசியல் சாசனத்தைவிட வரவினக் கணக்குகளே முன்னால் நிற்கின்றன. தேசிய வருமானம் ஏறத்தாழ மூன்று மடங்கான காலத்தில் வரி வருவாய், விலையேற்றத்தைக் கழித்த பிறகும், பத்து மடங்கைத் தாண்டி உயர்ந்தது என்று அவர் காட்டும் இடத்தில் கட்டுரையை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் யோசித்தேன். மக்களிடம் பணம் இருப்பது வேறு, அது கருவூலத்துக்கு வந்து சேருவது வேறு. உள்நாட்டுப் போரின் நடுவே 1643இல் வந்தது, உள்நாட்டில் விற்கும் சரக்குகள் மீதான கலால் வரி; சுங்க வரி வசூலைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் வழக்கம் 1671இலும், கலால் குத்தகை 1683இலும் ஒழிந்தன. எல்லாம் 1688க்கு முந்தியவை. உன் இயல் தொடங்கும் ஆண்டை நீ மறுபடி யோசிக்க வேண்டும்.

கலால் அலுவலர் வேலையை நீ ஒரே வரியில் கடந்துவிட்டாய். எனக்கோ அங்கிருந்து நகர மனமில்லை. வடிப்பவர் எப்போது வடிக்கப்போகிறார் என்று முன்னதாகவே அறிவிக்க வேண்டும். அலுவலர் எந்த நேரமும், இரவிலும்கூட, வந்து தொட்டியில் கோலை இறக்கி, ஆழத்தையும் விட்டத்தையும் எடுத்து, தசமக் கணக்கில் கொள்ளளவைக் கண்டு ஏட்டில் எழுதுவார். பின்னால் மேற்பார்வையாளர் வந்து அதையே மறுபடி அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். நான் பணியில் சேர்ந்த புதிதில் காங்கேயம் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலைக்குத் தணிக்கைக்குப் போனேன். இருப்பேட்டில் எழுதியிருந்த அளவை நம்பாத என் மேலதிகாரி, ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து, எண்ணெய் ஏறிய இடத்தில் நகத்தால் கீறி, அந்தக் கீறலை என்னை ஸ்கேலால் அளக்கச் சொன்னார். அன்று என் விரல்களில் ஒட்டிய எண்ணெயின் வழவழப்பு இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நினைவுக்கு வந்தது.

அப்படி அளந்தவர்கள் 1690இல் சுமார் 1,200 பேர், 1783இல் சுமார் 4,900 பேர். சரக்கைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதியதற்காக 1765இல் வேலை இழந்தவர்தான் பிற்பாடு அரசியல் எழுத்தாளராகப் புகழ்பெற்ற தாமஸ் பெயின். மீண்டும் பணியில் சேர்ந்த அவர், ஆண்டுச் சம்பளம் 50 பவுனில் குதிரைச் செலவு போக மிஞ்சுவது குடும்பத்துக்குப் போதாது என்று 1772இல் சக அலுவலர்களுக்காக எழுதினார். மூன்று சதவீத வட்டிக்கு உலகமே அந்த அரசுக்குக் கடன் கொடுக்க முன்வந்த காலத்தில், அந்த வட்டியை ஈட்டித் தந்தவர்களின் நிலை அது.

அடுத்து, வரியைக் கொடுத்தவர் யார்? இந்தக் கேள்வியை ஓபிரையன் விடவே இல்லை; நீ விட்டுவிட்டாய், அதுதான் எனக்கு வருத்தம். பீர், அதைக் காய்ச்ச உதவும் முளைகட்டிய தானியமான மால்ட், உப்பு, சோப்பு, மெழுகுவத்தி, தோல் என்று சாதாரணக் குடும்பம் வாங்கும் பொருள்களின் மேல்தான் கலால் ஏறியது; நிலவரியின் பங்கு நாளாக நாளாகச் சுருங்கியது. பீட்டர் மத்தியாஸுடன் சேர்ந்து 1976இல் அவர் எழுதியதைப் பார். பிரெஞ்சுக்காரரைவிடப் பிரிட்டிஷ்காரரே தம் வருமானத்தில் கூடுதல் பங்கை வரியாகக் கொடுத்தார்கள், ஆனால் கலகம் வெடித்தது பிரான்சில். அங்கே பிரபுக்களுக்கும் குருமார்களுக்கும் இருந்த வரி விலக்குகளும் வரிக் குத்தகைக்காரர்களின் கெடுபிடியும் எல்லார் கண்ணிலும் பட்டன. பிரிட்டனில் வரி விலைக்குள் ஒளிந்திருந்தது. பிரிட்டிஷ் அரசின் கடன் 1697இல் 1 கோடியே 70 லட்சம் பவுன் அளவில் இருந்து 1815இல் 70 கோடியைத் தாண்டியது. அந்தக் கடனுக்கான வட்டியில் ஒரு பகுதியை, ஒரு குவளை பீர் வாங்கிய கூலிக்காரர் தம்மை அறியாமலே கட்டிக்கொண்டிருந்தார். உன் இயலில் அவருக்கு ஒரு பத்தியாவது வேண்டும்.

ஓபிரையனோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்காக்களோடு நடந்த வாணிபம் மேற்கு ஐரோப்பாவின் மொத்த உற்பத்தியில் சிறு பங்குதான், அதன் லாபத்தால் அங்கே பெரிய மூலதனம் சேர்ந்திருக்க முடியாது என்று 1982இல் வாதிட்டார். உற்பத்தியில் சிறியதாக இருக்கலாம். வரி வசூலிப்பவரின் கண்ணுக்கு அது சிறியதல்ல. வயலில் விளைவதை ஊர் ஊராகத் தேடிப் போக வேண்டும், கடல் கடந்து வருவதோ துறைமுகம் என்ற ஒரே வாசல் வழியாக வந்தாக வேண்டும். தேயிலையை எடுத்துக்கொள். 119 சதவீதமாக இருந்த வரியைப் பிரதமர் இளைய பிட் 1784இல் 12.5 சதவீதமாகக் குறைத்து, இழப்பை ஜன்னல் வரியில் ஈடுகட்டினார். வரி கட்டிய தேயிலையின் அளவு மறு ஆண்டே இரண்டு மடங்கைத் தாண்டியது. அதுவரை கள்ளத்தனமாக வந்ததெல்லாம் எந்தக் கணக்கில் இருந்தது? நம் சோழமண்டலக் கரையின் அச்சுத்துணிகளுக்கு 1700இலும் 1721இலும் போட்ட தடைகள் இங்கிலாந்தின் பருத்தித் தொழிலுக்கு எப்படிப் பாதுகாப்பாயின என்று டிரெவர் கிரிஃபித்ஸ், பிலிப் ஹன்ட் ஆகியோருடன் அவரே 1991இல் எழுதினார். அந்தக் கட்டுரையை 1982ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் படித்து, இரண்டும் எங்கே இடிக்கின்றன என்று எனக்கு எழுது.

அடுத்த மாதம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போவதாகச் சொன்னாய். கலால் வாரியத்தின் கூட்டக் குறிப்பேடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஓர் அலுவலரைக் கண்டித்தோ இடம் மாற்றியோ எழுதிய ஒரு பக்கத்தையாவது படம் எடுத்து அனுப்பு. கையெழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை, நிதானமாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா