பென் வெப்ஸ்டரின் மூச்சு

அன்புள்ள மணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் வழக்கமான சோம்பல் இல்லை, காது. இரண்டு பக்கமும் மெஷின் வைத்தாயிற்று. வீட்டில் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் "நீங்களெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறீர்கள்" என்று சாதித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பரிசோதனைக்குப் போனேன். அங்கே பரிசோதித்த பெண் ஒரு வரைபடம் போட்டுக் காட்டினார். தாழ்ந்த சத்தங்களுக்குக் கோடு ஒழுங்காகப் போகிறது. மேலே போகப்போக மலைச்சரிவு மாதிரி சரிந்துவிடுகிறது. "சார், உங்களுக்கு 'ஸ', 'ஃப' மாதிரி காற்றுச் சத்தமெல்லாம் விழாது" என்றார். அது போனால் போகட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன போட்டுக் கேட்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். 1957 டிசம்பர் 8ஆம் தேதி சி.பி.எஸ். தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பான 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்'. அதில் பாடகி பில்லி ஹாலிடே 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடுகிற பகுதி. பென் வெப்ஸ்டர், லெஸ்டர் யங், கோல்மன் ஹாக்கின்ஸ் மூன்று பேரும் ஒரே மெதுவான ப்ளூஸுக்குள் சில நிமிஷ இடைவெளியில் ஊதுகிறார்கள். மூன்றும் டெனர், அதாவது கனத்த குரல் சாக்ஸஃபோன். ஆளுக்குப் பன்னிரண்டு 'பார்' (தாளச் சுற்று), அவ்வளவுதான்.

முதல் நாள் படுமோசம். நீளமாக ஒரு சுரம் பிடித்தால் போதும், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி நடுங்கியது. மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய்ச் சண்டை போடாத குறைதான். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார்: அசையாமல் நிற்கிற சத்தத்தைக் கேட்டால் மெஷின் அதைத் தன்னுடைய சொந்த 'கூய்' சத்தம் என்று நினைத்து அமுக்கப் பார்க்குமாம். பேச்சுக்குச் சரி, பாட்டுக்கு வினை. பாட்டுக்கென்று தனியாக ஒரு செட்டிங் வைத்துக் கொடுத்தார். மறுபடி வந்து உட்கார்ந்தேன்.

முதலில் வெப்ஸ்டர்தான் ஊதுவார். சுரம் வருவதற்கு முன்னால் ஒரு காற்று வந்தது. சுரம் முடிந்த பிறகும் அந்தக் காற்று போகவில்லை. ஆறிக்கொண்டிருக்கிற காப்பியை ஊதுகிற மாதிரி, ஃபூ என்று இழைந்து, பிறகுதான் அடங்கியது. உண்மையில் அவர் அடையாளமே அதுதான். டியூக் எலிங்டனின் ஜாஸ் குழுவில் 1940இல் 'காட்டன் டெய்ல்' ஊதியபோது உறுமிய அதே ஆள், மெதுவான பாட்டுக்கு வந்தால் பாதி சத்தம், பாதி மூச்சு. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஆனால் மணி, கடந்த ஐந்தாறு வருஷமாக அவரை மூச்சில்லாமல்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பழைய ஞாபகம் மீதியை நிரப்பிக்கொண்டே வந்ததால் எனக்கே தெரியவில்லை. அந்த இடத்தையே ஏழெட்டு முறை திரும்பப் போட்டேன். எங்கள் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "என்ன, மாட்டிக்கொண்டுவிட்டதா?" என்றார்.

அடுத்தது லெஸ்டர். உடம்புக்கு முடியாமல் மற்ற நேரமெல்லாம் உட்கார்ந்திருந்தவர், தன் முறைக்கு எழுந்து நிற்கிறார். எண்ணிவிடலாம் போல அத்தனை குறைவான சுரங்கள். ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல், கொஞ்சம் பின்தங்கி வைக்கிறார். கேமரா பில்லியின் முகத்துக்குப் போகிறது. அவர் தலையாட்டுவதைப் பார். ஏதோ தெரிந்த சேதியைத் திரும்பக் கேட்கிற முகம். ஒரு காலத்தில் பில்லி லெஸ்டரை 'பிரெஸ்' (பிரசிடெண்ட்) என்பார், லெஸ்டர் பில்லியை 'லேடி டே' என்பார். இரண்டு பட்டமும் ஊரெல்லாம் நிலைத்துவிட்டன. 1959 மார்ச்சில் லெஸ்டர் போனார், ஜூலையில் பில்லி. அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதால்தான் உருகுகிறோம் என்று நீ சொல்வாய். இருக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான் இருந்தது.

சற்று நேரம் கழித்து ஹாக்கின்ஸ். எருமைத் தயிர் மாதிரி கெட்டியான நாதம். இடைவெளியே விடமாட்டார். ஒவ்வொரு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) பிரித்து மேய்ந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். 1939இல் பதிவான அவருடைய 'பாடி அண்ட் சோல்' ஞாபகம் இருக்கிறதா? பாட்டின் மெட்டை ஆரம்பத்தில் கொஞ்சம் தொட்டுவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே திரும்பாமல் மூன்று நிமிஷம் போகும். அப்படியும் அமோகமாக விற்றது.

இப்போது யோசித்தால் ஒன்று ஆச்சரியமாக இருக்கிறது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் உன் அண்ணன் கொடுத்த ரேடியோவை வைத்துக்கொண்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி கேட்போமே, அந்தச் சிற்றலையில் இந்தக் காற்றெல்லாம் எங்கே கேட்டது? பாதி நேரம் இரைச்சல், மீதி நேரம் பக்கத்து நிலையம். 'டேக் தி ஏ டிரெய்ன்' முகப்பிசையும், நமக்கும் புரிகிற மாதிரி அந்த மனிதர் நிறுத்தி நிறுத்திப் பேசுகிற கனத்த குரலும்தான் ஒழுங்காகக் கேட்கும். அப்படியும் ஊதுவது யார் என்று பந்தயம் கட்டினோம், பெரும்பாலும் சரியாகவே சொன்னோம். எப்படி?

எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் அப்போது பிடித்துக்கொண்டது சுரம் பிறக்கிற விதத்தையும் அது நடுங்குகிற விதத்தையும். ஹாக்கின்ஸ் என்றால் அகலமான நடுக்கம், எங்கும் இருக்கும். லெஸ்டர் சுரத்தை நேராக நிற்கவைப்பார். நடுங்கினாலும் கடைசியில், போனால் போகிறதென்று. ஜானி ஹாட்ஜஸ் ஆல்டோவில் (டெனரைவிடச் சின்ன சாக்ஸஃபோன்) ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டே போவார். அவரைக் கண்டுபிடிக்க உனக்கு இரண்டு விநாடி போதும். "இந்த ஆளுக்கு யாரோ ஜாரு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்பாய். சிற்றலை எதைத் தின்றாலும் இதைத் தின்னாது.

சரி, உன் பேரன் விஷயம். சாக்ஸஃபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் மாதிரி ஒலிக்க வேண்டும் என்று ஏகப்பட்ட விலைக்கு ஒரு உலோக மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதுகிற முனை) கேட்கிறான், வாங்கித் தரலாமா என்று எழுதியிருந்தாய். மவுத்பீஸில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி இதிலும் நாணல்தான் துடிக்கிறது. இதற்கு ஒற்றை நாக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். உடம்பு முழுக்கப் பித்தளையாக இருந்தும் சாக்ஸஃபோனை மரக்காற்றுக் கருவிகளோடு சேர்ப்பது அதனால்தான். அந்த நாணலுக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, உள்ளறை எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்துச் சத்தம் மாறும். ஆனால் வாய்க்குள் நாக்கும் தொண்டையும் எப்படி இருக்கின்றன, உதடு எவ்வளவு அழுத்துகிறது என்பதை எந்தக் கடையிலும் விற்பதில்லை.

அவனுக்கு இரண்டு கதை சொல். 1953 மே மாதம் டொராண்டோவில் மாஸி ஹாலில் சார்லி பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸஃபோன். கிராஃப்டன் என்று பெயர், இங்கிலாந்துச் சரக்கு. பதிவைக் கேட்டால் பிளாஸ்டிக்கா தெரிகிறது? பார்க்கர்தான் தெரிகிறார். ஒப்பந்தச் சிக்கலால் தட்டின் உறையில் 'சார்லி சான்' என்று வேறு பெயர் போட்டிருந்தார்கள், அதுவும் யாரையும் ஏமாற்றவில்லை.

இன்னொன்று லெஸ்டர் கதை. 1934இல் ஹாக்கின்ஸ் ஐரோப்பாவுக்குக் கிளம்பியதும் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவில் அந்த நாற்காலி லெஸ்டருக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு இந்த மெலிந்த சத்தம் பிடிக்கவில்லை. ஹெண்டர்சனின் மனைவி லியோரா, ஹாக்கின்ஸ் இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டி, இப்படி ஊதக் கூடாதா என்று கேட்டுக்கொண்டிருப்பாராம். லெஸ்டர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சில மாதத்தில் வேலையை விட்டுவிட்டுப் போனார். அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஃபிராங்கி டிரம்பவரின் ஸி-மெலடி சாக்ஸஃபோன். அந்தச் சின்னக் கருவியின் ஒலியைப் பெரிய டெனரில் கொண்டுவரப் பார்த்தார், அவ்வளவுதான்.

மவுத்பீஸ் வாங்கிக் கொடுப்பது உன் இஷ்டம், தாத்தாவுக்குக் காசு எதற்கு? ஆனால் கூடவே தினம் அரைமணி நேரம் ஒரே சுரத்தை நீளமாகப் பிடிக்கச் சொல். அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வந்தால் சன்னி ராலின்ஸ் கதையைச் சொல்லிச் சமாளி. 1959இலிருந்து இரண்டு வருஷம் மேடைப் பக்கமே போகாமல், நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்துமேல் போய்ப் பயிற்சி செய்தார். ரயில் சத்தம், கப்பல் சத்தம், யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு பாலம் இருக்கிறதா தெரியவில்லை.

கோல்ட்ரேன் பற்றி உனக்கும் எனக்கும் இந்த ஜன்மத்தில் ஒத்துப்போகாது. சொப்ரானோ சாக்ஸஃபோனில் அவர் ஊதிய 'மை ஃபேவரிட் திங்ஸ்' கேட்டுவிட்டு நீ "இது நாதஸ்வரம்டா" என்று கத்தி, வார்டன் மாடிக்கு வந்த ராத்திரியை மறக்கவில்லை. அதுவரை நான் உன் கட்சி. கடைசி இரண்டு வருஷப் பதிவுகளுக்கு எனக்கு இன்னமும் காது பழகவில்லை. புதுக் காதை வைத்தும் முயன்று பார்த்தேன்.

அதே மாடியில் இன்னொரு ராத்திரி. நீ கோல்ட்ரேன் என்றாய், நான் டெக்ஸ்டர் கார்டன் என்றேன். டெனர், கொஞ்சம் முரட்டுச் சத்தம். கோனோவர் பெயர் சொல்கிற நேரம் பார்த்து அலை மங்கி, திரும்பி வந்தபோது அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இளம் வயதில் கோல்ட்ரேன் டெக்ஸ்டரைக் கேட்டு வளர்ந்தவர், அதனால் இரண்டு பேரும் முட்டாள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். டீக்காசு மட்டும் பாக்கி. தை மாதம் கல்யாணத்துக்கு வரும்போது தீர்த்துக்கொள்வோம். நான் உறையை மறைத்துவைத்துப் போடுகிறேன், நீ சொல்.

உன்,
பாலு

பி.கு.: மெஷின் வைத்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் கூடத்து ஃபேன் பயங்கரமாகக் கிறீச்சிடுகிறது. இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். சொன்னார்களாம்.